காற்றுக்கு ஒரு வாசல்: பாம்படம் செய்த ஐந்து வாரம்

நான்காவது பெட்டி 'டப்' என்று வாயைப் பிளந்தபோது பட்டறையில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் உள்ள சின்ன வெள்ளிப் பெட்டி அது. ஆறாவது பக்கத்தை வைத்து மூடிப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். மூட்டை ஒட்டவைக்கும் வெள்ளிப் பொடி உருகி ஓடத் தொடங்கிய நொடியில், உள்ளே அடைபட்ட காற்று அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அடுத்த பலகையில் கல் பதித்துக்கொண்டிருந்த பட்டறைக்காரத் தாத்தா சாமணத்தைக் கீழே வைத்தார்.

"காத்துக்கு வாசல் விட்டியா மக்களே?"

விடவில்லை. அறை வெப்பத்தில் அடைபட்ட காற்று, வெள்ளிப் பொடி உருகும் 700 டிகிரியைத் தாண்டும்போது மூன்று மடங்குக்கு மேல் விரியப் பார்க்கும். போக வழி இல்லையென்றால் எந்த மூட்டு இளகியிருக்கிறதோ அதைக் கிழித்துக்கொண்டு போகும். முதுநிலை நகை வடிவமைப்பு முதல் வருடத்திலேயே இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் கை அதைக் கற்றுக்கொண்டது நாகர்கோவில் வடசேரியில், அந்த மத்தியானம்தான்.

செய்ய நினைத்தது ஒரு ஜோடி பாம்படம், அந்தக் காலத்துப் பெண்கள் வளர்த்த காதில் தொங்கவிட்ட பெரிய காதணி. எங்கள் வீடு தக்கலைப் பக்கம். ஆச்சிக்குச் சின்ன வயதிலேயே காது குத்தி, துளையில் ஓலைச்சுருள் வைத்து, பிறகு ஈயக் குணுக்கு மாட்டிக் காது வளர்த்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பாம்படம் போட்டார்கள். என் பெரிய அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த வருடம் அதை உருக்கிச் சங்கிலி செய்தாயிற்று. தொங்கிய காதை ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்துக்கொண்டார். இப்போது மிச்சம் இருப்பது கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டூடியோவில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படமும், ஆச்சியின் இரண்டு காது மடலிலும் குறுக்கே ஓடும் வெள்ளைத் தழும்பும். படத்தில் இடது காதுப் பாம்படம் மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது.

எங்கள் படிப்பில் இரண்டாம் வருடம் ஆறு மாதம் ஒரே ஒரு வேலை. நாமே எடுத்து, நாமே முடிக்க வேண்டும். பாடம் நடத்துகிற நான்கு பேரும் சொந்தப் பட்டறை வைத்து, நகை செய்து, கண்காட்சிகளில் வைக்கிறவர்கள். எனக்கு வழிகாட்டி திருவனந்தபுரத்துக்காரர். அதனால் வடக்கே இருக்கிற அந்தக் கல்லூரியிலும் அவரை நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். வாரத்தில் மூன்று நாள் எங்களோடு இருப்பார், மற்ற நாள் தன் மேசையில். அந்த மேசைக்குப் பக்கத்தில் எங்களை உட்கார விடுவார். அவருடைய இழுப்பறைகளில் ஒன்று முழுக்கச் சரியாக வராத துண்டுகள். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எந்த நாள் செய்தது, எங்கே போயிற்று என்று எழுதியிருப்பார். நல்ல நகை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். வேலை தெரிந்த ஒருவருடைய கெட்டுப்போன துண்டைக் கையில் எடுத்து, அது ஏன் கெட்டது என்று அவர் வாயாலேயே கேட்பது எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. கலைஞர்களே பாடம் சொல்லித்தரும் படிப்பில் எனக்குப் பெரிதாகப்படுவது இதுதான்.

பாம்படம் செய்யப்போகிறேன் என்றதும் டீச்சர் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார். ஒருவர் ஹாலந்தின் நகைக் கலைஞர் ஹைஸ் பக்கர். 1973இல் அவர் செய்த ஒரு நகையில், கையில் தங்கக் கம்பியை இறுக்கிக் கட்டி, அவிழ்த்த பிறகு தோலில் பதிந்திருக்கும் கோடுதான் நகை. இன்னொருவர் ஒட்டோ கூன்ஸ்லி. 1991 முதல் 2014 வரை மியூனிக் நுண்கலை அகாடமியில் நகை வகுப்பை நடத்தியவர். அவர் 1980இல் செய்த வளையல் வெறும் கறுப்பு ரப்பர். உள்ளே ஒரு தங்க உருண்டை இருக்கிறது, வெளியே தெரியாது. அணிகிறவரின் நம்பிக்கையில்தான் அது தங்க வளையல்.

இரண்டையும் கேட்டபோது எனக்கு ஆச்சியின் காதுதான் நினைவுக்கு வந்தது. பாம்படத்தில் தங்கம் வெளியே மெல்லிய தகடு, உள்ளே முழுக்க அரக்கு. கழற்றி உருக்கிய பிறகும் நகையின் தடம் உடம்பில் ஐம்பது வருடமாக இருக்கிறது. டீச்சர் ஒரே ஒரு கேள்வியை நோட்டில் எழுதிக் கொடுத்தார்: "கனம் எங்கே போகிறது?" வேலை முழுவதும் இந்தக் கேள்வி கூடவே இருந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

தங்கத்தில் செய்ய வசதி இல்லை. 925 வெள்ளி எடுத்தேன், அதாவது 1000 பங்கில் 925 வெள்ளி, மீதி செம்பு. படத்தைப் பெரிதாக்கி, ஆச்சியின் காது மடல் உயரத்தை அளவாக வைத்துக் கணக்குப் போட்டதில் பெட்டி 12 மில்லிமீட்டர் என்று வந்தது. அதற்கு மேலே 10 மில்லிமீட்டர் உருண்டை, கீழே ஒரு சின்னத் தட்டு. ஆச்சி போட்டிருந்ததில் இன்னும் நிறைய உறுப்புகள் உண்டு. நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் பெட்டிக்கு அரை மில்லிமீட்டர் தகடு. கல்லூரியில் சொல்லித்தந்தபடி சிலுவை வடிவில் வெட்டி, மடிக்கிற இடங்களில் முக்கோண அரத்தால் கீறிவிட்டு மடித்தேன். மடிப்பு கத்தி மாதிரி கூர்மையாக வந்தது. ஒரு பக்கம் கோணலாகத் தெரிந்ததால் பிரித்து மறுபடி மடித்தேன். அங்கேயே ஒடிந்துவிட்டது. கீறிய இடத்தில் தகடு காகிதம் போல இருக்கும், ஒரே மடிப்புத்தான் தாங்கும். இரண்டாவதும் அதே கதிதான்.

தாத்தா அவருடைய வேலையை விட்டுவிட்டு வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மெலிசா எடு, கீறாதே, பட்டறைக்கல் விளிம்புல வச்சு வளை" என்றார். 0.3 மில்லிமீட்டர் தகடு எடுத்தேன். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டு, துடைத்து, இரும்பின் விளிம்பில் வைத்து மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டி மடித்தேன். விளிம்பு கத்தி போல வரவில்லை, கொஞ்சம் உருண்டுதான் வந்தது. படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆச்சியின் பாம்படமும் விளிம்பு உருண்டுதான் இருக்கிறது. அதுவரை நான் அதைப் படத்தின் மங்கல் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது பெட்டியில் நான்கு நிற்கும் மூட்டுகளும் நன்றாக வந்தன. தாத்தா தன் பொடியைத் தானே செய்கிறவர். வெள்ளி மூன்று பங்கு, பித்தளை ஒரு பங்கு உருக்கி, தட்டி, அரத்தால் ராவிப் பொடியாக்கி, வெங்காரத்தோடு (போராக்ஸ்) கலந்து வைத்திருப்பார். 'பொடி வைத்துப் பேசுவது' என்று சொல்கிறோமே, அந்தப் பொடி இதுதான் என்பார் அவர். மூடியைப் பற்றவைக்க அதைவிடச் சீக்கிரம் உருகுகிற பொடி வேண்டும், இல்லையென்றால் முதலில் போட்ட மூட்டு திரும்ப இளகும். நான் அவசரத்தில் ஒரே பொடியையே வைத்தேன். மூடி ஒட்டியது, ஒரு பக்கச் சுவர் வழுக்கி நகர்ந்தது. நான்காவது பெட்டியைப் பற்றித்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஐந்தாவதில் மூடியிலும் அடியிலும் 1.2 மில்லிமீட்டர் துளை போட்ட பிறகே மூடினேன். சிரட்டைக் கரித் துண்டின் மேல் வைத்து, கேஸ் தீயை ஒரே இடத்தில் காட்டாமல் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பொடி ஒரு கோடாகப் பளிச்சென்று ஓடி நின்றது. அந்தக் கோடு ஓடுவதைப் பார்க்கும்போது கிடைக்கிற நிம்மதியை வேறு எதோடும் என்னால் ஒப்பிட முடியவில்லை.

அப்புறம், தீக்கறை போக, படிகாரத் தண்ணீரில் போட வேண்டும். துளை வழியாகப் பெட்டிக்குள்ளும் போகும். நன்றாகக் கழுவி, உலர்த்தி, மறுபடி சூடுகாட்டி உள் ஈரத்தை எல்லாம் வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் ஈரம் தங்கினாலும் பிறகு மூட்டோரம் பச்சை பூக்கும். இரண்டு துளை போட்டதால் ஒன்றில் ஊதினால் மற்றதில் தண்ணீர் வந்தது. மேலே படிந்திருந்த செம்புக்கறை போக, நீர் எமரித் தாளில் தேய்த்து, கடைசியில் பூந்திக்கொட்டை நுரையில் பித்தளைக் கம்பித் தூரிகையால் துலக்கினேன்.

வெற்றுப் பெட்டியின் எடை 2.8 கிராம். மேசையில் தட்டினால் 'டிங்' என்றது. கட்டைவிரலால் அழுத்தினால் சுவர் உள்ளே போய்விடும் போல இருந்தது. இதே பெட்டியைக் கெட்டி வெள்ளியில் செய்தால் கிட்டத்தட்ட 18 கிராம் வரும்.

இங்கே தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடசேரியில் இப்போது அதிகம் நடப்பது கோவில் நகை வேலை. வெள்ளியில் அடித்தளம், மேலே தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு, சிவப்பும் பச்சையும் கல். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் போட்டுக்கொள்கிறார்களே, அந்த நகை. நாகர்கோவில் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் தாத்தாவின் அப்பா தங்க வேலைக்காரர், பாம்படம் செய்தவர். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது என்றானபோது தாத்தா பள்ளிக்கூடத்துப் பையன். 22 காரட்டைத் தவிர வேறு எதையும் கையால் தொடாத வீட்டில் அடுப்பு அணைந்தது. அப்பா மார்த்தாண்டத்தில் ஒரு முந்திரிக் கிடங்கில் கணக்கு எழுதப் போனார். 14 காரட் விதி பிறகு தளர்ந்தது. 1968இல் வந்த தனிச் சட்டம் 1990 வரை இருந்தது. அப்பா பட்டறைக்குத் திரும்பவே இல்லை. தாத்தா வேறொருவரிடம் வெள்ளி வேலை பழகினார். பாம்படத்தில் அரக்கு அடைப்பதை அவர் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், கையால் செய்ததில்லை. ஆக, நாங்கள் இரண்டு பேருமே முதல் தடவையாகச் செய்தோம்.

அரக்கு என்பது மரக்கிளையில் வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். வெந்நீர்ச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். அதோடு சலித்த செங்கல்பொடி சேர்த்தால் கெட்டிப்படும், ஆறும்போது அதிகம் சுருங்காது. நாங்கள் இரண்டு பங்கு அரக்குக்கு ஒரு பங்கு செங்கல்பொடி சேர்த்தோம். முதலில் பாதிக்குப் பாதி போட்டுப் பார்த்தது துளைக்குள் போகவே இல்லை, வாசலிலேயே அடைத்துக்கொண்டது.

செய்த விதம் இது. அரக்கைச் சூடுகாட்டி, உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுத் தீக்குச்சியை விட மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். பெட்டியைச் சாமணத்தில் பிடித்து உமி நெருப்புக்கு மேலே காட்டி, கை பொறுக்க முடியாத சூடு வந்ததும் திரியை மேல் துளையில் நுழைக்க வேண்டும். பெட்டிச் சூட்டிலேயே அது உருகி உள்ளே இறங்கும். சூடு குறைந்தால் நிற்கும், மறுபடி காட்ட வேண்டும். சூடு கூடினால் அரக்கு கொதித்து நுரைத்து, கருகிய வாடை வரும். அந்த வாடை வந்துவிட்டால் உள்ளே போனது அவ்வளவும் கெட்டது என்று அர்த்தம். கருகிய அரக்கு உதிரும்.

கீழ்த் துளைக்கு ஒரு ஊசியை வைத்திருந்தோம். நிறைய நிறைய காற்று கீழே போக வேண்டும், ஆனால் அரக்கு ஒழுகக் கூடாது. தாத்தா ஊசியை லேசாக அசைத்துக்கொண்டே இருந்தார். ஒரு பெட்டி நிறைய 40 நிமிடம் ஆனது. ஊசி நுனியில் முதல் சொட்டு அரக்கு தெரிந்ததும், "நெறஞ்சாச்சு" என்று எடுத்தார். ஆறவிட்டு மேசையில் தட்டினேன். இப்போது 'டொக்' என்றது. கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் சுவர் அசையவில்லை. 0.3 மில்லிமீட்டர் தகடு கெட்டி உலோகம் போல நின்றது. எடை 5.1 கிராம்.

அரக்கு தங்கத்தை மிச்சம் பிடிக்கிற தந்திரம் என்று நானும் பலரைப் போல நினைத்திருந்தேன். மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய உருவத்தைக் காதில் தொங்கவிடக் கூடியதாக ஆக்குவதும் அதுதான், இவ்வளவு மெல்லிய தகட்டை நசுங்காமல் ஒரு ஆயுள் காலம் காப்பதும் அதுதான். மதிப்பு வெளியே, உழைப்பு உள்ளே.

உருண்டைக்கு இரண்டு அரைக்கோளம், குழிகள் உள்ள பித்தளைக் கட்டையில் வைத்துத் தட்டி எடுத்தேன். அது தொல்லை தரவில்லை.

தொல்லை வந்தது சேர்ப்பதில். அரக்கு அடைத்த பிறகு தீ காட்ட முடியாது. மேல் வளையத்தை முன்பே பற்றவைத்திருந்தேன். மெருகேற்றும்போது துணியில் சிக்கி அந்த வளையம் பெயர்ந்துவிட்டது. பற்றவைக்க வேண்டுமென்றால் அரக்கை முழுதும் உருக்கி வெளியே எடுத்து, உள்ளே ஒட்டியிருப்பதை எரித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாத்தா அதையே சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஓணத்துக்கு ஊருக்கு வந்திருந்த டீச்சர் அந்த வாரம்தான் களியக்காவிளை தாண்டி எங்கள் பக்கம் வந்தார். பட்டறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பெயர்ந்த வளையத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "தீ வேண்டாம். இதில் ஏற்கனவே மேலும் கீழும் துளை இருக்கிறதே" என்றார். காற்றுக்காக விட்ட வாசல் வழியாகவே ஒரு கம்பியை ஊடுருவ விடலாம். உருண்டை, பெட்டி, தட்டு மூன்றையும் ஒரே கம்பியில் கோத்து, அடியில் கம்பி நுனியைத் தட்டிப் பரப்பி ரிவெட் ஆக்கிவிட்டால் பற்றவைப்பே தேவையில்லை.

1.2 மில்லிமீட்டர் துரப்பணத்தைக் கையாலேயே சுழற்றி அரக்கைத் துளைத்தேன். மோட்டாரில் போட்டால் சூட்டில் அரக்கு இளகி நுனியைப் பிடித்துக்கொள்ளும். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். கம்பி மேல் நுனியை முதலிலேயே வளையமாக வளைத்துப் பற்றவைத்துக்கொண்டேன். கோத்து, அடியில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் விட்டு வெட்டி, சின்ன உருண்டைமுகச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினேன். ஓங்கி அடித்தால் கம்பி உள்ளே வளையும். இருபது முப்பது மெல்லிய தட்டுகள். தாத்தா அதைக் கையில் வாங்கிப் புரட்டி, "இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா எங்கப்பா எத்தனை அரக்கை எரிச்சிருக்க மாட்டாரு" என்றார். டீச்சர் அவரிடம் அரக்குத் திரி உருட்டச் சொல்லித்தரும்படி கேட்டார். அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள், ஒருவர் மலையாளத்தில் கேட்க, ஒருவர் தமிழில் சொல்ல.

முடிந்த ஒற்றைப் பாம்படம் 8.7 கிராம். ஒரு பவுனை விடக் கொஞ்சம் கூடுதல். என் காதில் இருப்பது சாதாரணத் துளை. முதல் நாள் காலை ஒன்பதுக்குப் போட்டேன், பதினொன்றரைக்குத் துளை சிவந்து கீழே இழுபட்டுவிட்டது. டீச்சரிடம் ஃபோனில், தகட்டை இன்னும் மெலிதாக்கவா என்றேன். "கனத்தைக் குறைக்காதே. அது போகிற வழியைக் காட்டு" என்றார்.

வழி ஆச்சியின் நகைப்பெட்டியிலேயே இருந்தது, மாட்டல். காதுக்குப் பின்னாலிருந்து மேலே போய் முடியில் செருகுகிற சங்கிலி. 0.8 மில்லிமீட்டர் கம்பியில் மாட்டல் செய்து, பாம்படத்தின் மேல் வளையத்திலேயே கோத்தேன். இப்போது கனத்தில் பாதிக்கு மேல் தலைமுடி தாங்குகிறது. மறுநாள் காலை போட்டு, பேருந்தில் நாகர்கோவில் போய், சந்தையில் சுற்றி, இரவு எட்டு மணிக்குக் கழற்றினேன். காது சிவக்கவில்லை. கன்னத்து ஓரம் பெட்டியின் ஒரு மூலை லேசாகப் பதிந்திருந்தது, பத்து நிமிடத்தில் மறைந்தது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இறுதிக் காட்சிக்கு அந்தப் படத்தை நகையோடு வைக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண் இப்போது அவ்வளவாகத் தெரியாது. உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார். பெட்டியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார், நான்கு பக்கமும். "எனக்கு ஜோடி நாலு பவுன் போட்டாங்க, அரக்குக் கனம் வேற. இதுல கனம் போதாதுட்டி" என்றார். பிறகு காதோரம் கொண்டுபோய், தைத்த தழும்புக்குக் கீழே பிடித்து, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தார்.

இடது காதுப் பாம்படத்தின் ரிவெட் கொஞ்சம் ஆடுகிறது. கம்பியை அதிக நீளம் விட்டு வெட்டியதால் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தட்டைக் கழற்ற நுனியை அரத்தால் ராவி எடுத்து, புதுக் கம்பி போட வேண்டும். சனிக்கிழமை தாத்தா பட்டறையைத் திறக்கிறார்.